வீட்டில் இறைச்சிக்குப் புகையூட்டுதல்: முதன்முறை செய்வோர் அறிய வேண்டியவை

இறைச்சியைக் கரியின் மெல்லிய வெப்பத்திலும் மரப்புகையிலும் பல மணி நேரம் வேகவைப்பதைப் புகையூட்டுதல் என்கிறோம். இவ்வாறு சமைத்த இறைச்சியின் செந்நிறத்தையும் மணத்தையும் கண்டு, அது நன்கு வெந்துவிட்டது என்றும் பல நாட்கள் கெடாது என்றும் பலர் கருதுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் தவறானவை. புகை தருவது சுவை மட்டுமே. கிருமிகளை அழிப்பது வெப்பம். சமைத்த பின் உணவைக் காப்பது குளிர்ச்சி. வீட்டில் நோயாளி, முதியவர், கர்ப்பிணி அல்லது சிறு குழந்தை இருப்பின் இதனை நினைவில் கொள்வது மிகவும் அவசியம்.

புகையூட்டும் முறைகள் யாவை?

வெம்புகை முறையில் அடுப்பின் உட்புற வெப்பநிலை 107 முதல் 149 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இறைச்சி முழுமையாக வேகும். வீட்டில் செய்வதற்கு ஏற்றது இம்முறை மட்டுமே.

குளிர்புகை முறையில் வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரிக்குள் இருப்பதால் இறைச்சி வேகுவதில்லை. கிருமிகள் பெருக ஏற்ற சூழல் அது. உணவு நஞ்சாதலில் மிகக் கொடியதாகிய பாட்டுலிசத்தை உண்டாக்கும் கிருமி, காற்றுப் புகாத, உப்புக் குறைந்த இறைச்சியில் வளரக்கூடியது. இதனைத் தடுக்கத் தொழிற்கூடங்களில் நைட்ரைட் உப்பைத் துல்லியமாக அளந்து சேர்க்கின்றனர். அளவு மிகுந்தால் அந்த உப்பே நஞ்சாகும். எனவே குளிர்புகை முறையை வீட்டில் முயல வேண்டாம்.

நம் வீடுகளில் செய்யும் உப்புக்கண்டம் கெடாதிருப்பதற்குக் காரணம், மிகுந்த உப்பும் வெயிலும் அதன் ஈரத்தை நீக்கிவிடுவதே. வெம்புகையில் வெந்த இறைச்சியில் ஈரம் எஞ்சியிருக்கும். ஆகவே அதனை உப்புக்கண்டம்போல வெளியில் வைத்திருக்கக் கூடாது.

அடுப்பும் விறகும்

• மூடியும் காற்றுத் துளைகளும் கொண்ட கரியடுப்பைத் திறந்த வெளியில் மட்டுமே பயன்படுத்துங்கள். அறை, மூடிய மாடிக்கூடம், வாகன நிறுத்தும் கூடம் ஆகியவற்றில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை நிரப்பும். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு உயிரைப் பறிக்கும். கதவைத் திறந்து வைப்பது போதிய பாதுகாப்பன்று. தணிந்த கரியையும் வீட்டினுள் கொண்டு வராதீர்கள்.
• நன்கு காய்ந்த மா, கொய்யா, புளி போன்ற மரங்களின் துண்டுகள் ஏற்றவை. வண்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, பிசின் மிகுந்த பைன் மரம் ஆகியவை கூடா. அரளிக் குச்சி நஞ்சாகையால் அதனை எரிக்கவோ இறைச்சியைக் கோக்கவோ பயன்படுத்தக் கூடாது.
• துத்தநாகம் பூசிய தகரமும், எண்ணெய் அல்லது வேதிப்பொருள் இருந்த பழைய பீப்பாயும் தவிர்க்க வேண்டியவை.
• இறைச்சியின் உட்புற வெப்பத்தை அளக்கும் சமையல் வெப்பமானி ஒன்று கட்டாயம் தேவை.

முதன்முறை செய்யும் வழிமுறை

முதன்முறைக்குத் தோல் நீக்கிய கோழிக்கால் துண்டுகள் ஏற்றவை. பெரிய இறைச்சித் துண்டின் நடுப்பகுதிக்கு வெப்பம் சென்று சேர நெடுநேரமாகும்.

1. உறைந்த இறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுமையாக உருக விடுங்கள். மசாலாவில் ஊறவைப்பதும் அப்பெட்டிக்குள்ளேயே நிகழ வேண்டும்.
2. பச்சை இறைச்சிக்குத் தனிக் கத்தியும் பலகையும் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுங்கள்.
3. கரியை அடுப்பின் ஒருபுறம் மூட்டி, மறுபுறம் கம்பிவலைக்குக் கீழே தண்ணீர்த் தட்டு வையுங்கள். இறைச்சியைத் தட்டுக்கு மேலே அடுக்குங்கள். கொழுப்பு நேரடியாகக் கரியில் சொட்டினால் தீய வேதிப்பொருட்கள் மிகுதியாக உண்டாகும்.
4. அடுப்பு 107 டிகிரியைக் கடந்த பின்னரே இறைச்சியை வைத்து மூடுங்கள். கரும்புகை வந்தால் காற்றுத் துளையைச் சற்றுத் திறந்து விடுங்கள்.
5. துண்டின் தடித்த பகுதியில், எலும்பில் படாதவாறு வெப்பமானியைச் செருகிப் பாருங்கள்.

வெந்துவிட்டதை எவ்வாறு அறிவது?

கோழி இறைச்சி 74 டிகிரியையும், கொத்திய ஆட்டிறைச்சி 71 டிகிரியையும் எட்ட வேண்டும். ஆடு, பன்றி ஆகியவற்றின் முழுத்துண்டுகள் 63 டிகிரியை எட்டியபின் 3 நிமிடம் ஆற வேண்டும். வீட்டில் நோயாளி இருப்பின் எல்லா இறைச்சியையும் 74 டிகிரி வரை வேகவைப்பதே எளிய, பாதுகாப்பான விதி. புகைபட்ட இறைச்சி நன்கு வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கலாம். வேகாதபோதும் மேற்புறம் கருத்திருக்கலாம். நிறத்தையோ கடிகாரத்தையோ நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள்.

சமைத்த இறைச்சியை 2 மணி நேரத்துக்குள் உண்ணுங்கள் அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 32 டிகிரியைத் தாண்டும் வெயிற்காலத்தில் 1 மணி நேரமே வரம்பு. குளிர்சாதனப் பெட்டியில் 3 அல்லது 4 நாட்களுக்கு மேல் வைக்க வேண்டாம்.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

• உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளோர்: பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்புநீரில் ஊறவைத்தலைத் தவிர்த்து இஞ்சி, பூண்டு, மிளகு, எலுமிச்சை ஆகியவற்றால் சுவையூட்டுங்கள்.
• புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், கர்ப்பிணிகள்: வெளியில் வாங்கிய, குளிர்ந்த நிலையிலுள்ள புகையூட்டிய இறைச்சியையும் மீனையும் 74 டிகிரிக்குச் சூடாக்காமல் உண்ணக் கூடாது. லிஸ்டீரியா கிருமி குளிர்சாதனப் பெட்டியிலும் வளரும்.
• ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளோர்: அடுப்பின் அருகில் இருக்க வேண்டாம்.
• காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை உட்கொள்வோர்: நெடுநாள் பதப்படுத்திய இறைச்சியால் முகச் சிவப்பு, படபடப்பு, தலைவலி ஏற்படலாம். அவ்வுணவைத் தவிர்த்து மருத்துவரிடம் தெரிவியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எவ்வளவு உண்ணலாம்?

உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பை ஏறத்தாழ 18 விழுக்காடு உயர்த்துகிறது. ஆகவே புகையூட்டிய இறைச்சியை அன்றாட உணவாக்காமல், எப்போதேனும் சிறிதளவு காய்கறிகளுடன் உண்ணுங்கள். கருகிய பகுதியை நீக்கிவிடுங்கள்.

உடனடி மருத்துவ உதவி எப்போது தேவை?

• இரட்டைப் பார்வை, இமை தொங்குதல், பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம், மூச்சுத் திணறல்: இவை பாட்டுலிசத்தின் அறிகுறிகள். பெரும்பாலும் உண்ட 12 முதல் 36 மணி நேரத்தில் தோன்றும். சில நாட்கள் கழித்தும் தோன்றலாம். காய்ச்சல் இல்லையென்று காத்திருக்க வேண்டாம்.
• கரியடுப்பின் அருகிலிருந்தோருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, மயக்கம்: அவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டு செல்லுங்கள்.
• இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, கடுங்காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல். கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கும் இலேசான காய்ச்சலும் பொருட்படுத்தத்தக்கதே.

இவற்றில் எது தோன்றினாலும் 108 அவசர ஊர்தியை அழையுங்கள் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன உண்டார், எப்போது உண்டார் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். எஞ்சிய உணவை எவரும் உண்ணாதவாறு தனியே மூடி வையுங்கள். பரிசோதனைக்கு அது தேவைப்படலாம்.