நடந்தவர்களின் சரித்திரம்

தேச சரித்திரம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுகிறவர்கள் யார்? அரசர்கள், தளபதிகள், கவர்னர் ஜெனரல்கள், மேடையேறிய தலைவர்கள். யுத்தம் மூண்ட வருஷமும், உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் பெயரும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். படைக்குச் சோறு விளைவித்தவன் யார், பாரம் சுமந்தவன் யார், அடிபட்டவன் யார் என்று கேட்டாலோ பாடப் புத்தகம் மௌனம் சாதிக்கிறது.

இந்தக் குறையைக் காண வெகு தூரம் தேட வேண்டுவதில்லை. நாமெல்லோரும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒரு சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். ‘காந்தியடிகள் 1913-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் நடத்தி வெற்றி பெற்றார்.’ இந்த வாக்கியத்தில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இதற்கு எழுவாய் ஒருவரே. அவரோடு நடந்த ஆயிரக்கணக்கானவர்கள் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் யார் என்று விசாரிப்போம்.

1860 நவம்பர் 16-ந் தேதி ‘டுரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரையில் சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷத்தில் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். கரும்புத் தோட்டத்திலும், நிலக்கரிச் சுரங்கத்திலும், ரெயில் பாதையிலும் அவர்கள் உழைத்தார்கள்.

உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டாம் என்பதே வெள்ளைக்காரத் துரைமார்களின் எண்ணம். ஒப்பந்தம் முடிந்தவன் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடியும் ஒப்பந்தத்தில் விழ வேண்டும். இரண்டுக்கும் இசையாதவன் வருஷந்தோறும் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் செய்தார்கள். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். முதல் வருஷக் கூலியைக் கொண்டு கணக்கிட்டால் ஆறு மாதச் சம்பளம்! பின்னர் 1903-ல் பதினாறு வயதான பையனும் பதின்மூன்று வயதான பெண்ணும் இவ்வரிக்கு உட்படுத்தப்பட்டார்கள். தாய், தகப்பன், வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றிருந்த குடும்பத்துக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு பவுன். அடிமைத்தனத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லும் அழைப்பே அன்றி இது வேறென்ன?

1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு ஸ்திரீகள் நியூகாஸில் என்னும் சுரங்க ஊருக்கு வந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேருக்குக் கைக்குழந்தை. அவர்கள் தொழிலாளரிடம் சென்று வரியின் அநீதியை எடுத்துரைத்தார்கள். அந்தச் சொல் காட்டுத் தீயைப் போல் பரவிற்று. சுரங்கம் சுரங்கமாக வேலை நின்றது. பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல் கிடைத்தது. முதலாளிகள் தொழிலாளர் குடியிருப்புக்களில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு வெளியே வந்தார்கள்.

நவம்பர் 6-ந் தேதி அந்தக் கூட்டம் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிற்று. ஆடவர் 2,037, பெண்டிர் 127, குழந்தைகள் 57 என்று காந்தியடிகளே எண்ணி எழுதியிருக்கிறார். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையுமே ஆகாரம். வழியில் இரு தாய்மார் தங்கள் சிசுக்களை இழந்தார்கள். ஒன்று குளிரால் மாண்டது. மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி வெள்ளத்தோடு போயிற்று. அந்தத் தாய்மார் நின்றுவிடவில்லை, நடந்தார்கள். நவம்பர் 10-ந் தேதி எல்லோரையும் கைது செய்து, ரெயிலேற்றி, பழைய சுரங்கங்களுக்கே கொண்டுபோய்விட்டார்கள். குடியிருப்பே சிறைச்சாலையாயிற்று, சுரங்க மேஸ்திரிகளே சிறைக் காவலராயினர்.

அப்பொழுது காந்தியடிகள் சிறையில் இருந்தார். வழிநடத்தத் தலைவர் இல்லை; அழைப்பு விடுத்தவரும் இல்லை. ஆயினும் கடலோரக் கரும்புத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் தாமாகவே அரிவாளைக் கீழே வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தார்கள். ஆனால் வேலைநிறுத்தம் ஒடுங்கவில்லை. 1914-ல் மூன்று பவுன் வரி ரத்தாயிற்று. இதைத் தனியொருவரின் வெற்றி என்று சொல்லலாமா? காந்தியடிகளே அவ்வாறு கருதவில்லை. சுடப்பட்டவர்களுக்காகத் துக்கம் காக்க, ஐரோப்பிய உடையை நீக்கி, கூலிகளின் எளிய உடையைத் தரித்தார் அவர். யாரிடமிருந்து பலம் பெற்றோம் என்பதை அவர் அறிந்திருந்தார். அறியாதவை நம் பாடப் புத்தகங்களே.

இவர்களைத் தேடப் புகுந்தால் மற்றொரு சங்கடம் எதிர்ப்படுகிறது. அந்தப் பதினொரு ஸ்திரீகளில் பெரும்பாலோர் நூல்களில் ‘இன்னாரின் மனைவி’ என்றே குறிக்கப்படுகிறார்கள். சிறையில் கண்ட காய்ச்சலால் 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் மறைந்த வள்ளியம்மையின் பெயர் மட்டும் நிலைத்தது. தில்லையாடி அவளை இன்றும் நினைவு கூர்கிறது. மற்றவர்கள்? கூலிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பெரும் ஆதாரம் அதிகாரிகள் எழுதிய கப்பல் ஜாபிதாவே. நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு! ஓடிப்போனவனைப் பிடிப்பதற்கு உதவும் விவரங்கள் இவை. அவற்றிலிருந்தே இன்று பேரப்பிள்ளைகள் தம் மூதாதையரின் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். அடக்கியவன் எழுதிய ஏட்டில் அடங்கியவனின் குரலைக் கேட்க வேண்டும் என்பதையே 1980-களில் ரணஜித் குஹா முதலிய சரித்திராசிரியர்கள் வற்புறுத்தினார்கள்.

அந்த ஜாபிதாவில் ஜாதி என்ற கட்டத்தைப் பார்க்கும்போது நாமும் தலைகுனிய வேண்டியிருக்கிறது. கப்பலேறியவர்களில் கணிசமானோர் சேரியிலிருந்து சென்றவர்கள். பஞ்சம் துரத்திற்று, கடன் துரத்திற்று என்பது உண்மை. சொந்த ஊரில் பொதுக் கிணறும் பொதுத் தெருவும் மறுக்கப்பட்டதும் உண்மை. அன்னியனின் கொடுமையை எழுதிவிட்டு நம்முடையதை மறைப்போமானால், அது சரித்திரமாகாது. வக்கீல் வாதமே ஆகும்.

இன்னொன்றும் உண்டு. அதே 1913-ல்தான் அந்நாட்டு அரசாங்கம் நிலச் சட்டம் ஒன்றை இயற்றி, பூர்விகக் குடிகளான ஆப்பிரிக்கருக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு நிலமே என்று வரையறுத்தது. நம்மவரின் போராட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. நம்முடைய கண்ணீரை மட்டும் அளந்துவிட்டு அயலானுடையதை விட்டுவிட்டால், பழைய புத்தகத்தின் குறையையே புதிய புத்தகத்திலும் செய்தவர்களாவோம்.

ஆகவே, வீட்டில் பிள்ளைகள் சரித்திரம் படிக்கும்போது பெற்றோர் ஒரு சிறு பயிற்சி அளிக்கலாம். ‘அணை கட்டினார்’, ‘போர் தொடுத்தார்’, ‘வரியை நீக்கினார்’ என்று எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் எழுவாயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மண் சுமந்தவர் யார்? வரி கொடுத்தவர் யார்? நடந்தவர் யார்? விடை கிடைத்தால் குறித்துக்கொள்ளட்டும். கிடைக்காவிடில் அந்த இடத்தை வெற்றிடமாக விட்டு வைக்கட்டும். பெயர் தெரியாத 127 பெண்டிருக்கு நாம் செலுத்தக்கூடிய முதல் மரியாதை, அவர்கள் இருந்தார்கள் என்று ஒப்புக்கொள்வதே.