ஐந்து கட்டையும் 'ஜி'யும்



சிறுசேரி அடுக்குமாடிகளில் சாயங்காலம் ஒரு வீட்டில் பாட்டு வகுப்பு, எதிர் வீட்டில் கீபோர்டு வகுப்பு. பாட்டு டீச்சர், "ஐந்து கட்டையில் பாடு கண்ணா" என்பார். கீபோர்டு சார் அதையே 'ஜி' என்பார். இரண்டும் ஒன்றா என்று உனக்குச் சந்தேகம் வந்ததா? சபாஷ்!

ஒன்றேதான். நம் ஊரில் ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சுருதி சொல்கிறோம். 'சி' ஒரு கட்டை. 'டி' இரண்டு. அப்படியே போனால் 'ஜி' ஐந்து, 'ஏ' ஆறு. கறுப்புக் கட்டை வந்தால் அரை சேர்த்துக்கொள்: ஒன்றரை, ஆறரை.

கீபோர்டில் நடு 'சி'க்கு மேலே உள்ள 'ஏ'வை அழுத்து. காற்று நொடிக்கு 440 முறை அதிரும். பாரிசிலும் அதே 440, பையனூரிலும் அதே 440.

சரி, 'ச' எந்தக் கட்டை? எதுவாகவும் இருக்கலாம்! 'சி', 'டி' எல்லாம் கதவு எண் மாதிரி, மாறாது. ச ரி க ம என்பது 'பக்கத்து வீடு', 'நாலாவது வீடு' என்பது மாதிரி. நீ நிற்கும் இடத்திலிருந்து எண்ண வேண்டும்.

ஒரு கட்டையில் 'ச' என்றால் 'ப' ஐந்து கட்டையில் வரும். ஐந்து கட்டையில் 'ச' வைத்தால் 'ப' எங்கே? மெல்ல எண்ணு... மேலே உள்ள இரண்டு கட்டை! கெட்டிக்காரப் பிள்ளை. 'ச' இரண்டு முறை அதிர்வதற்குள் 'ப' மூன்று முறை அதிரும். இந்தக் கணக்கு மாறாததால்தான், எங்கே வைத்தாலும் காது 'ப'வைக் கண்டுபிடித்துவிடுகிறது.

சிலப்பதிகாரத்தில் சுரங்களின் பெயர்கள் வேறு: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவற்றில் எது இன்றைய 'ச' என்று பெரியவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும்!

சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் இத்தாலியில் குய்தோ என்றொரு துறவி இருந்தார். அவர் கற்றுக்கொடுத்த லத்தீன் துதிப்பாட்டில் ஆறு துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு படி மேலே தொடங்கும். அவற்றின் முதல் அசைகளே அங்கே சுரங்களின் பெயர்களாயின: உத், ரே, மி, ஃபா, சோல், லா. 'உத்' பாட வாகாக இல்லை போலும். பிற்பாடு அது 'டோ' ஆகிவிட்டது.

ஜெர்மனியில்தான் வேடிக்கை. அங்கே ஆறரைக் கட்டைக்குப் பெயர் 'பி'. ஏழு கட்டைக்கு 'ஹெச்'! அந்த ஊர் இசைமேதை பாஹ், தன் பெயரின் நாலு எழுத்தையும், பி, ஏ, சி, ஹெச் என்று மெட்டாகவே போட்டார். நீயும் வாசித்துப் பார்: ஆறரை, ஆறு, மேல் ஒன்று, ஏழு.