கேட்டுக்குள் பாயும் நாய்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம், செங்கம் சாலையை ஒட்டிய வீடுகளைக் கடந்தால் இந்தக் காட்சி தப்பாமல் கண்ணில் படுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றும் கூட்டம் விடிய விடியப் போகிறது. கேட்டுக்குள் குட்டைச் சங்கிலியில் கட்டிய நாய் ஒவ்வொரு காலடிக்கும் பாய்ந்து, கழுத்து இறுகி, மறுபடி பாய்கிறது. வீட்டுக்காரர் வந்து ஓர் அடி போடுகிறார். கொஞ்ச நாளில் “கடிக்க ஆரம்பிச்சிடுச்சு” என்கிறார். ஆசிரமத்துப் பக்கம் யாராவது சோறு வைப்பார்கள் என்று நாயை இரவோடு இரவாகக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறவர்களும் உண்டு.

போக நினைத்த இடத்துக்குப் போக முடியாத ஏமாற்றம்தான் அந்தப் பாய்ச்சல். அந்த நேரத்தில் அடக்க வரும் கையையே நாய் கடிக்கும். அடிக்காதீர்கள். அடிபட்ட நாய் உறுமி எச்சரிப்பதை விட்டுவிட்டு நேரே கடிக்கப் பழகும்.

முதலில் கேட்டின் கீழ்ப்பாதியைத் தட்டி வைத்து மறையுங்கள். பௌர்ணமிக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் நாய் வீட்டுக்குள் இருக்கட்டும். வெயிலுக்கு முன் காலையிலும், மாலையிலும் வெளியே கூட்டிப்போய், இழுக்காமல் மோந்து பார்க்க விடுங்கள்.

பிறகுதான் பொறுத்திருக்கப் பழக்கும் பயிற்சி. தீனியை உள்ளங்கையில் மூடி நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும், குரைக்கும். ஒன்றும் பேசாதீர்கள். மூக்கை ஒரு கணம் விலக்கியதும் கையைத் திறந்து கொடுங்கள். ஒரு விநாடி பழகியபின் இரண்டு, அப்புறம் ஐந்து. சோற்றுத் தட்டுக்கும் கேட் திறப்புக்கும் இதே முறைதான். இரண்டு தடவை தொடர்ந்து தோற்றால் நேரத்தைக் குறையுங்கள். சத்தம் தாங்காமல் நடுவில் கொடுத்துவிட்டால், இன்னும் உரக்கக் குரைத்தால் கிடைக்கும் என்றே அது கற்றுக்கொள்ளும். பட்டினி கிடக்கும் நாயிடமும் நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாயிடமும் இதைத் தொடங்கவே கூடாது. திடீரென்று சுபாவம் மாறியிருந்தால் காதுவலி, பல்வலி இருக்கலாம். தடுப்பூசி அட்டையோடு அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள்.

நாயை வெளியே கூட்டிப்போவது உங்கள் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் என்று நினைக்காதீர்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11(1)இல் குட்டைச் சங்கிலியிலோ கனத்த சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டிவைக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பது குற்றம். பசியில் வாடும்படி கைவிடுவதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்! இத்தனை காலமாகியும் இது உயரவில்லை.

பக்கத்து வீட்டு நாய் இப்படி வாடினால் முதலில் பேசிப் பாருங்கள். கேட்காவிட்டால் தேதி, நேரம், முகவரி, சங்கிலியின் நீளம், எவ்வளவு நேரம் கட்டியிருக்கிறது என்பதை எழுதி, படத்தோடு காவல் நிலையத்தில் கொடுங்கள். “நாய்க்கெல்லாமா புகார்?” என்பார்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றம்தான். அதற்காகப் புகாரைப் பதிய மறுக்க முடியாது. புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். நகல் ஒன்றை, மாவட்ட விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நடவடிக்கை கோரி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து மனு எண் வாங்குங்கள். தாமதிக்காதீர்கள்: குற்றம் நடந்து மூன்று மாதம் கடந்தால் இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர முடியாது.

உங்கள் அலட்சியத்தால் நாய் யாரையாவது கடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291இல் ஆறு மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கடிபட்டவர் மஞ்சளும் சுண்ணாம்பும் தடவக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும் என்று கேளுங்கள். தோலில் போடும் தடுப்பூசி என்றால் முதல் நாளுக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும் போட வேண்டும். வீட்டு நாய்தானே என்று கடைசி ஊசியை விட்டுவிடாதீர்கள்.