நஞ்சின் பெயர் தெரிந்தால்

ஒரு சாக்குக்கட்டியின் அடியிலிருந்து விரற்கடை உயரத்தில், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு வரையுங்கள். கோடு நனையாதவாறு, சிறிதளவு தண்ணீர் உள்ள தட்டில் அதை நிறுத்துங்கள். தண்ணீர் மேலே ஏறும். மையும் கூடவே ஏறும். சற்று நேரத்தில் கறுப்பு மறைந்து, நீலமும் சிவப்பும் வெவ்வேறு உயரங்களில் தனித்தனியே நிற்கக் காண்பீர்கள். மையிலுள்ள சாயங்கள் எல்லாம் சாக்குக்கட்டியோடு ஒரே அளவில் ஒட்டிக்கொள்வதில்லை. எனவே அவை ஏறும் வேகமும் வேறுபடுகிறது. இதுவே வண்ணப்பிரிகை.

ஐயத்திற்கிடமான மரணம் நேரும்போது, தடய அறிவியல் கூடத்தின் நச்சியல் பிரிவில் நடப்பதும் அடிப்படையில் இதுதான். அங்கே தண்ணீருக்குப் பதில் ஹீலியம் வாயு. சாக்குக்கட்டிக்குப் பதில் உள்விட்டம் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத, பல மீட்டர் நீளமுள்ள குழாய். இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள்களை ஆவியாக்கி அதில் செலுத்துவார்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும்.

வந்து சேர்ந்தது இன்னதென்று எப்படி அறிவது? இங்கேதான் எங்கள் இயற்பியல் வருகிறது. மூலக்கூறுகளின் மீது எலக்ட்ரான்களை மோதவிட்டால் அவை உடைந்து அயனிகளாகும். மின்னூட்டமுள்ள துகள் காந்தப்புலத்தில் வட்டப்பாதையில் வளையும் என்பதைப் படித்திருப்பீர்கள். மின்னூட்டமும் வேகமும் சமமாக இருந்தால், கனமான துகளுக்குப் பெரிய வட்டம், இலேசான துகளுக்குச் சிறிய வட்டம். பாடநூலில் உள்ள பெயின்பிரிட்ஜ் நிறை நிறமாலைமானியின் தத்துவம் இதுவே. இன்றைய கருவிகள் பலவற்றில் காந்தத்திற்குப் பதில் நான்கு உலோகத் தண்டுகள் இருக்கும். ஆனாலும் நிறைக்கேற்பப் பிரிப்பதுதான் வேலை. ஒரு மூலக்கூறு உடையும் விதம் அதன் கைரேகை போன்றது.

கருவி சரியாகச் சொன்னாலும் மாதிரி ஏமாற்றிவிடலாம். இறப்புக்குப் பின் சில மருந்துகள் கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளிலிருந்து அருகிலுள்ள இரத்தத்திற்குள் விரவுகின்றன. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பொருள் பரவும் என்பது நீங்கள் அறிந்த விரவல் விதிதானே! ஆகவே இதயத்து இரத்தத்தைவிடத் தொடைச் சிரையின் இரத்தத்தையே நச்சியலார் நம்புவர். இவ்வளவும் செய்த பிறகு அவர்கள் சொல்லக்கூடியது ‘என்ன, எவ்வளவு’ என்பது மட்டுமே. அது தவறுதலா, பிறர் செயலா, தற்கொலையா என்பதை மற்றச் சான்றுகளோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சினிமாவில் வரும் ஆய்வுக்கூடங்களுக்கு இந்த அடக்கம் கிடையாது.

ஓர் அறிக்கை ஒரு வழக்கிற்கு உதவும். ஆயிரக்கணக்கான மனிதர்களைப் பற்றிய விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால்? இலங்கையில் அது நடந்தது.

1995-ஆம் ஆண்டில் அந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் வீதம் தற்கொலையால் இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று அது. காரணங்களில் முக்கியமானது, உழவர் வீடுகளில் கைக்கெட்டும் இடத்தில் இருந்த பூச்சிமருந்து. எந்த மருந்து மிகக் கொடியது என்பதற்கு அதுவரை எலிச் சோதனையே அளவுகோலாக இருந்தது. ஆராய்ச்சியாளர்களோ இரண்டு மருத்துவமனைகளுக்கு வந்த 9,302 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். உட்கொண்டது எது என்பதை ஒரு பகுதியினரின் இரத்தத்தைச் சோதித்தும் உறுதி செய்தார்கள். எலிக்கணக்கில் ஒரே வகுப்பில் இருந்த மருந்துகள், மனிதரிடத்தில் வெகுவாக வேறுபட்டன. 2010-இல் வெளியான முடிவு இது.

1984 முதலே அரசு கொடிய மருந்துகளைப் படிப்படியாக விலக்கி வந்தது; 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் மேலும் பல தடை செய்யப்பட்டன.

“ஒரு வழியை அடைத்தால் வேறு வழி தேட மாட்டார்களா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தோர் தொகை உடனே குறைந்துவிடவில்லை. ஆனால் இறந்தோர் தொகை வெகுவாகக் குறைந்தது. உயிர் பிழைத்தவர்களை விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை என்று தெரிந்தது. அந்த வேளை கடந்து பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளிலும் தற்கொலையால் இறப்பதில்லை. உங்களுக்கோ உங்கள் தோழருக்கோ அப்படிப்பட்ட வேளை வந்தால், தனியே இருக்க வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்களில் எந்நேரமும் பேசலாம்.

மருந்துகளை விலக்கினால் விளைச்சல் சரியும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். நெல் விளைச்சல் சரியவில்லை. சிகிச்சை மேம்பட்டதும் இறப்புக் குறைந்ததற்கு ஓரளவு காரணம்தான். எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், 1995-க்கும் 2015-க்கும் இடையே தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது என்றும், காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்றும் மதிப்பிட்டுள்ளார்கள்.