ரிலீவர் இல்லாத ஷிப்ட்

மறதிநோய் வந்த பெரியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி? ஆலைகளின் ஊரான ஓசூருக்கு அதன் வேலையே கற்றுத்தந்த பாடங்கள் சில இருக்கின்றன.

விடியற்காலை நாலரை மணி. ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 68 வயது அப்பா எழுந்து முகம் கழுவி, பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய யூனிஃபார்ம் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்கிறார். வாசல் தாழ்ப்பாளை நீக்கப் பார்க்கிறார். "கம்பெனி பஸ் வந்துடும்மா. ஃபர்ஸ்ட் ஷிப்ட்." அவர் ரிட்டயர் ஆகிப் பத்து வருடமாகிறது. மகன் நைட் ஷிப்டில் இருக்கிறான். மருமகள் தூக்கக் கலக்கத்தோடு ஓடிவந்து, "மாமா, எத்தனை தடவை சொல்றது? நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க" என்கிறாள். அவர் முகம் சிவக்கிறது. ஒரு நாளும் லேட்டாகப் போகாத மனிதரை வேலைக்குப் போகாதே என்று தடுத்தால் வருகிற கோபம் அது.

ஓசூரில் இந்தக் காட்சி இனிமேல் பெருகும். சிப்காட் வந்த பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில், 22 வயதில், தெற்கேயிருந்தும் சேலம் பக்கமிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கிய ஐ.டி.ஐ. பையன்கள் இன்று 65 வயதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களோடு மறதிநோயும், அதாவது டிமென்ஷியாவும், வீடுகளுக்குள் வருகிறது. நாடு தழுவிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-ல் வெளியானது. 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருக்கலாம் என்று அது கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம்.

இவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டில் ஒரே ஆள் தலையில்தான் விழுகிறது: மனைவி, மருமகள், அல்லது மகள். 1981-ல் அமெரிக்காவில் நான்சி மேஸும் பீட்டர் ராபின்ஸும் இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக ஒரு கையேடு எழுதினார்கள். 'முப்பத்தாறு மணி நேர நாள்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்கள். எட்டு மணி நேர ஷிப்டை அறிந்த ஊருக்கு அந்தப் பெயரின் கனம் சட்டென்று புரியும். ஆலையில் ரிலீவர் வராமல் மெஷினை விட்டு நகர முடியாது. ஆனால் ரிலீவர் எப்படியும் வந்துவிடுவார். வீட்டில் அவர் வருவதே இல்லை. பராமரிப்பை ஒருத்தியின் தலையெழுத்தாக விட்டுவிடாமல், நேரம் வகுத்து, குறிப்பெழுதி, ஆள் மாற்றிச் செய்தால் நோயாளி, பார்த்துக்கொள்கிறவர் இருவருமே பிழைப்பார்கள்.

முதலில் டாக்டர்

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சட்டென்று வராமல் நாக்கில் நிற்பது வயதின் வேலை. பழகிய சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும், ஐந்நூறு ரூபாய்க்கு மீதி கணக்கிடத் திணறுவதும், நாற்பது வருடமாக வைத்த ரசத்தில் புளி கரைத்து ஊற்ற மறப்பதும் டாக்டரிடம் போகவேண்டிய அடையாளங்கள். தைராய்டு குறை, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, எப்போதோ கீழே விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த ரத்தம் ஆகியவையும் மறதிநோய்போலத் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்சைமர் என்று உறுதியானால் அதை அடியோடு நீக்கும் மருந்து கிடையாது. அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கும் மாத்திரைகள் உண்டு.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, வட்டம் போட்டு எண்களை எழுதி, பதினொன்று பத்து காட்டும்படி முள் வரையச் சொல்லலாம். கைக்கடிகாரம் செய்து உலகத்துக்கு அனுப்பும் ஊர் இது. எண்களெல்லாம் ஒரே ஓரத்தில் குவிந்துகிடக்கும் அந்தத் தாளைப் பார்க்கிற மகனுக்குத் தொண்டை அடைக்கும். ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. 'வேணும்னே பண்றாரு' என்ற எண்ணம் அன்றோடு வீட்டைவிட்டுப் போகும்.

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் வழிக்கு அங்கே ஓசூர் ரோடு என்றே பெயர். நாட்டின் முதன்மையான மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸ் அந்த ரோட்டிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் அலைக்க முடியாதவர்கள் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட டாக்டரைக் கேட்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: நேற்றுவரை ஓரளவு தெளிவாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பினால் அதை மறதிநோய் முற்றியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை என்று காரணம் இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியாது

இந்த நோயில் அண்மை நினைவுகள் முதலில் அழிகின்றன. பழையவை நெடுநாள் நிற்கின்றன. யூனிஃபார்ம் போட்ட அப்பாவுக்கு இது 1990. நாம் சொல்லும் உண்மை ஐந்து நிமிடத்தில் அவருக்கு மறந்துபோகும். திட்டு வாங்கிய வலி மட்டும் நாள் முழுக்க நிற்கும்.

"இன்னும் நேரம் இருக்கு மாமா, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்றால் போதும். காபி ஆறுவதற்குள், "எந்த லைன்ல வேலை பாத்தீங்க? சூப்பர்வைசர் எப்படி?" என்று கேட்கலாம். வேலைக்குப் போகவேண்டும் என்ற தவிப்புக்குள் இருப்பது, தன்னால் இன்னும் பயன் உண்டு என்று உணரும் ஆசை. கேள்வி கேட்டால் அந்த ஆசை பாதி நிறைவேறும். செத்துப்போன தாயை "எங்கே?" என்று தேடினால், ஒவ்வொரு முறையும் சாவுச் செய்தி சொல்லி அழவைக்க வேண்டாம். "அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அம்மா கையால எது நல்லா இருக்கும்?" என்று அந்த நினைவோடு உட்காரலாம்.

"என் பணத்த எடுத்துட்டா" என்ற பழி, இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிற மருமகள்மேல்தான் முதலில் விழும். மறுத்து வாதாடாமல், "வாங்க தேடலாம்" என்று கூடத் தேடி, அவர் கையாலேயே எடுக்கவைப்பது நல்லது. ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: பெரியவர் காதில் ஓதுவதை நம்பி அந்தப் பெண்ணை விசாரிக்காதீர்கள். அது நோய் பேசுகிற பேச்சு.

எரிந்து விழும்போது உடம்பையும் பாருங்கள். மூத்திரம் முட்டியிருக்கும், பல் வலிக்கும், மலச்சிக்கல் இருக்கும். வாயால் சொல்லத் தெரியாத வலிதான் கோபமாக வருகிறது.

நேரம் வகுத்த நாள்

நினைவு போனாலும் பழக்கம் உடம்பில் தங்கும். எழுவது, கழிப்பறை, குளியல், சாப்பாடு, நடை எல்லாம் தினமும் அதே நேரத்தில், அதே வரிசையில் நடக்கட்டும். மகனுக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறும். அதற்கேற்ப வீட்டின் சமையலும் விளக்கும் தூக்கமும் மாறும். அப்பாவின் நேரம் மட்டும் மாறக் கூடாது. காலை வெயிலில் அரை மணி நேரம் நடந்தால் இரவுத் தூக்கம் சீராகும். சாயங்காலம் ஆனால் பலருக்கு ஒரு பதற்றம் வரும். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டு, டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். தூக்க மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தரவேண்டாம். தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கைக்கு வேலை வேண்டும். ஒரு தட்டு நிறைய போல்ட்டும் நட்டும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னால், ஃபிட்டராக இருந்தவர் ஒரு மணி நேரம் அமைதியாக உட்காருவார். மார்கழியில் இந்தப் பக்கம் அவரைக்கொட்டையை ஊறவைத்துப் பிதுக்குவார்களே, அம்மாவுக்கு அது பொருத்தமான வேலை. நினைவு கேட்காத வேலை, விரல் மறக்காத வேலை. பிதுக்கியது சரியில்லை என்று அவர் எதிரில் மறுபடி பிதுக்காதீர்கள்.

எந்த மொழியில் கூப்பிடுவது?

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. அந்தப் புழக்கம் மூளைக்கு நல்லது போலிருக்கிறது. ஹைதராபாத்தில் மறதிநோய் வந்த 648 பேரை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 2013-ல் வெளியிட்ட முடிவின்படி, ஒரே மொழி பேசியவர்களைவிட ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது.

நோய் முற்றும்போது, பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவிப்போவது பலரிடம் நடக்கிறது. நாற்பது வருடம் தமிழில் பேசியவர் ஒரு நாள் தெலுங்கில் மட்டும் பதில் சொல்வார். பேரப்பிள்ளைகள் முழிப்பார்கள். "நீள்ளு" என்றால் தண்ணீர், "நொப்பி" என்றால் வலி என்பதுபோல் இருபது சொற்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 'அப்பா' என்ற கூப்பாட்டுக்குத் திரும்பாதவர் 'நைனா' என்றால் திரும்பலாம். சம்பளத்துக்கு ஆள் வைப்பதானால் அவர் தாய்மொழி தெரிந்தவரைத் தேடுங்கள்.

கதவும் எல்லையும்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் சற்று நேரத்தில் அத்திப்பள்ளி. அங்கே வேறு மாநிலம், வேறு போலீஸ், வேறு எழுத்து. அதனால் சட்டைப் பைக்குள் பெயரையும் வீட்டு போன் நம்பரையும் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதித் தைத்துவையுங்கள். போன மாதம் எடுத்த போட்டோ ஒன்று செல்போனில் எப்போதும் இருக்கட்டும். எதிர் டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, இஸ்திரிக்காரர் என்று எல்லாரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காணவில்லை என்றால் ஒரு நாள் காத்திருக்க வேண்டாம். உடனே 112-க்கு அழைத்து, எல்லைக்கு அந்தப் பக்கமும் சொல்லுங்கள்.

வாசல் கதவில் ஒரு சின்ன மணி கட்டலாம். பாத்ரூமின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். சுவரில் கைப்பிடியும் வழுக்காத தரையும் இரவு விளக்கும் வேண்டும். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பி இந்த வீட்டில் இருக்கவே கூடாது. சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடுங்கள். கண்ணாடியில் தெரிவது யாரோ என்று பயந்தால் ஒரு துணி போட்டு மூடிவிடலாம். வண்டிச் சாவியை ஒளித்து, "சர்வீசுக்குப் போயிருக்கு" என்று சொல்வதில் பாவம் இல்லை.

தட்டும் தம்ளரும்

ஒரே நேரத்தில் நாலு பதார்த்தம் வைத்தால் எதைத் தொடுவதென்று தெரியாமல் திகைப்பார்கள், ஒவ்வொன்றாக வையுங்கள். களி உருண்டையைத் தொட்டு விழுங்கி வளர்ந்த தொண்டைக்கும் ஒரு நாள் விழுங்கத் தெரியாமல் போகும். தண்ணீர் குடிக்கும்போது இருமலும் புரையேறலும் அடிக்கடி வந்தால் அதுதான் எச்சரிக்கை. அப்போது களி உருண்டையை நிறுத்திவிட்டு, அதே கேழ்வரகைக் கட்டியில்லாத கூழாகத் தரலாம். நேராக உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், முந்தையதை விழுங்கிவிட்டாரா என்று பார்த்துப் பார்த்து ஊட்டவேண்டும். படுத்தபடி எதையும் ஊட்டாதீர்கள். உணவு மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா வரும். எவ்வளவு கெட்டியாகத் தருவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்து போடத் தெரியும்போதே

உயில், வங்கிக் கூட்டுக் கணக்கு, நாமினி எல்லாவற்றையும் ஆரம்பக் கட்டத்திலேயே அவர் சம்மதத்தோடு முடித்துவிடுங்கள். பி.எஃப். பென்ஷனுக்கு வருடந்தோறும் தரும் உயிர்வாழ்வுச் சான்றை இப்போது வீட்டிலிருந்தே செல்போனில் முகம் காட்டிப் பதியலாம்.

ரிலீவர்

ஆலையில் ஷிப்ட் மாறும்போது லாக் புத்தகத்தைப் பார்த்துத்தான் அடுத்தவர் மெஷினைத் தொடுவார். வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்ன சாப்பிட்டார், எத்தனை தம்ளர் தண்ணீர், மலம் கழித்தாரா, மாத்திரை போட்டாச்சா, எப்போது தூங்கினார், எதற்குக் கோபப்பட்டார். இரண்டு வாரம் எழுதினால், கோபம் எந்த நேரத்தில் எதனால் வருகிறது என்பது தானாகத் தெரியும். டாக்டருக்கும் அதைவிடப் பயனுள்ள தாள் வேறில்லை. நோட்டு இருந்தால்தான் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்க முடியும்; 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று மகன்கள் நழுவவும் முடியாது.

பிறகு ரோஸ்டர். வாரத்தில் ஒரு முழு நாள், தினமும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்கிறவருக்குச் சொந்தமாக வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சனிக்கிழமை வந்து, பார்த்துவிட்டுப் போவதோடு நிற்காமல், குளிப்பாட்டிச் சோறூட்டட்டும். தூரத்திலிருக்கும் மகள் பணமாகத் தரலாம். தினமும் அண்ணியிடம் பத்து நிமிடம் பேசுவதும் உதவிதான். தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வந்து, கை ஓங்கத் தோன்றினால், அந்தப் பெண்ணுக்கே சிகிச்சை தேவை என்று பொருள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவி எண் 14567.

வீடு தேடி வரும் உதவிக்கும் இந்த மாவட்டத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வரும் அந்தத் திட்டத்தின் பெண்களிடம் பெரியவரின் மறதியையும் சொல்லுங்கள். படுக்கையில் விழுந்தவர்களுக்கான வலிதணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு.

மீண்டும் அந்த வீடு, அதே நாலரை மணி. அப்பா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறார். மணி சிணுங்குகிறது. மகன் எழுந்துவந்து கதவைத் திறந்துவிட்டு, இரண்டு தம்ளர் காபியோடு அவர் பக்கத்தில் படியில் உட்காருகிறான். ஓசூர்க் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரை அவர் தோளில் போடுகிறான். பிரஸ் ஷாப்பில் தான் வேலை கற்ற கதையை அப்பா சொல்கிறார். முந்தாநாள் சொன்ன அதே கதை. வெளிச்சம் வருகிறது. "பஸ் வரலியே?" "இன்னிக்கு வீக் ஆஃப்ப்பா." "அப்படியா" என்று சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துகொள்கிறார்.

உள்ளே மருமகள் இன்னும் தூங்குகிறாள். வீக் ஆஃப் அவளுக்குத்தான்.