பத்து கிலோமீட்டரைத் தாண்டும் கந்தகம்

நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையம் இயங்க வேண்டுமானால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. புகைபோக்கி வழியே எந்த வாயு எவ்வளவு வெளியேறலாம் என்ற வரம்பு அந்த ஆணையில் இருக்கும். ஆனால் அந்த எண்கள் பெரும்பாலும் பிறப்பது தில்லியில், மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் அட்டவணையில். அங்கே ஒரு வரியைத் திருத்தி அரசிதழில் வெளியிட்டால் போதும், நாட்டிலுள்ள எல்லா அனல் மின் நிலையங்களின் கடமையும் மாறிவிடும். நாடாளுமன்ற விவாதம் தேவையில்லை.

கந்தக டை ஆக்சைடுக்கு நடந்தது இதுதான். 2015 டிசம்பர் 7 அன்று முதன்முறையாக அதற்கு வரம்பு வந்தது. பழைய அலகுகளில் 500 மெகாவாட்டுக்குக் கீழ் உள்ளவை ஒரு கனமீட்டர் புகையில் 600 மில்லிகிராம் வரையிலும், 500-உம் அதற்கு மேலும் உள்ளவை 200 வரையிலும் வெளியேற்றலாம். 2017 முதல் நிறுவப்படுபவற்றுக்கு 100. இதை எட்ட, புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவும் கந்தக நீக்கக் கருவி பொருத்த வேண்டும். கொடுத்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். அவ்வளவு பெரிய கட்டுமானத்துக்கு அது போதாது என்று மின் நிறுவனங்கள் சொன்னதில் நியாயம் உண்டு.

பிறகு நடந்ததற்கு அந்த நியாயம் பொருந்தாது. கெடு முதலில் 2022 வரை தள்ளிப்போனது. 2021-இல் நிலையங்களை ஏ, பி, சி என்று பிரித்தார்கள். தலைநகர் வட்டாரத்திலிருந்தோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரிலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஏ. கடுமையாக மாசடைந்த பகுதிக்கோ, காற்றுத் தர அளவை எட்டாத நகருக்கோ அதே தொலைவுக்குள் இருந்தால் பி. மற்றதெல்லாம் சி. இந்தக் கணக்கில் சென்னையை ஒட்டியவை ஏ; தூத்துக்குடி தர அளவை எட்டாத நகரங்களின் பட்டியலில் இருப்பதால் அதை ஒட்டியவை பி.

கெடு தவறினால் யூனிட்டுக்கு இத்தனை காசு என்று இழப்பீடும் விதித்தார்கள். ஏ பிரிவில் ஓராண்டு தாண்டினால் 20 காசு. ஆனால் 2022 செப்டம்பரிலும் 2024 டிசம்பரிலும் கெடுவே மறுபடி மறுபடி நகர்ந்தது. கெடு வராதபோது அபராதம் எங்கிருந்து வரும்?

2025 ஜூலை 11 அறிவிக்கை எல்லாவற்றையும் விடப் பெரியது. புகைபோக்கி உயர விதியை நிறைவேற்றினால் சி பிரிவுக்குக் கந்தக வரம்பிலிருந்தே விலக்கு. பி பிரிவில் நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவு செய்யும். ஏ பிரிவுக்கு 2027 இறுதி வரை நேரம். நாட்டின் அலகுகளில் ஏறத்தாழ 78 சதவீதம் சி பிரிவுதான்.

அரசின் வாதம் இது: இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, சுற்றுப்புறக் காற்றிலும் இந்த வாயு அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது. கருவிக்கு ஆகும் செலவு மின் கட்டணத்தில் ஏறும் என்பதும் உண்மையே.

இந்த வாதத்தின் ஓட்டை வேதியியலில் இருக்கிறது. கந்தக டை ஆக்சைடு காற்றில் வாயுவாகவே நின்றுவிடுவதில்லை. ஈரத்தோடும் அமோனியாவோடும் சேர்ந்து சல்பேட் நுண்துகளாகிறது. நுரையீரலின் ஆழம் வரை போகும் பி.எம். 2.5 துகள்களில் அதுவும் அடக்கம். நிலையத்தின் அருகே வாயுவை மட்டும் அளந்தால் இந்தத் துகள் கணக்கில் வராது. துகளோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கும். அதற்கு 10 கிலோமீட்டர் வட்டம் ஒரு பொருட்டா? விலக்குக்கு நிபந்தனையாகக் கேட்கும் உயரமான புகைபோக்கியும் புகையைக் குறைப்பதில்லை, தூரத்துக்கு அனுப்புகிறது. செலவைக் குறைக்க விரும்பினால் காற்று வீசும் திசையையும் துகளின் பயணத்தையும் வைத்து நிலையங்களைப் பிரித்திருக்கலாம். தொலைவை மட்டும் பார்த்துப் பிரித்தது தவறு.

காற்றுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி, இசைவாணைகளின் பதிவேட்டை மாநில வாரியம் பராமரிக்க வேண்டும். பாதிக்கப்படும் எவரும் அதைப் பார்வையிடலாம். உங்கள் ஊர்ப் பக்கம் அனல் மின் நிலையம் இருந்தால், அது எந்தப் பிரிவு, எந்த வரம்பு, எந்தக் கெடு என்று கேட்டுப் பாருங்கள்.