வேப்பூர் மேலே விமானம் ஓட்டலாம்... ஆனால் இறக்க முடியுமா? ஃப்ளைட் சிமுலேட்டர் கேம்கள் எவ்வளவு நிஜம்?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு வேப்பூர் கூட்ரோடு தெரியும். விருத்தாசலம், சேலம் பக்கம் பிரிகிற இடம். வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச்சந்தை. ஏர்போர்ட் எதுவும் இல்லாத இந்த ஊருக்கு மேலே மூவாயிரம் அடி உயரத்தில் ஒரு சின்ன செஸ்னா விமானத்தை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். கம்ப்யூட்டரில் உலக வரைபடத்தைத் திறந்து, வேப்பூர் மேல் விரலை வைத்து, 'பற' என்றால் போதும். கீழே சாலை, வயல், ஏரி எல்லாம் செயற்கைக்கோள் படத்திலிருந்து அப்படியே விரியும்.

முதல் இரண்டு நிமிடம் சந்தோஷமாகப் போகும். 'இன்னும் கொஞ்சம் மேலே போகலாமே' என்று மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும், அலாரம் அடிக்கும், அடுத்த நொடி மூக்கு கவிழ்ந்து விமானம் கீழே விழும். பலர் அன்றைக்கே கேமை அழித்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் சிமுலேட்டர் செய்கிறவர்களுக்கு நாற்பது வருடத்துக்கும் மேலாக ஒரு தலைவலி இருக்கிறது. நிஜம்போல் வைத்தால் புதியவர் ஓடிவிடுவார். சுலபமாக வைத்தால் பழையவர் 'இது விமானமே இல்லை' என்பார்.

ஏன் விழுகிறது?

கைப்பிடியை இழுத்தால் விமானம் மேலே போகும் என்பது பாதி உண்மைதான். விமானத்தைத் தூக்குவது இறக்கையைத் தாண்டி ஓடும் காற்று. மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால், இறக்கையின் மேல்பக்கத்தை ஒட்டி ஓடிய காற்று பிய்ந்துகொள்ளும். தூக்கும் விசை சட்டென்று குறைந்துவிடும். இதற்குப் பெயர் ஸ்டால். பைக் நின்றுபோவதுபோல் இன்ஜின் நிற்பது அல்ல இது. இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கை வேலையை நிறுத்திவிடுகிறது. தப்பிக்க வழி, மனசுக்கு எதிரானது: விழும்போது மூக்கை இன்னும் கீழே தள்ள வேண்டும். வேகம் வந்ததும் இறக்கை மறுபடி பிடித்துக்கொள்ளும்.

மொபைலில் கிடைக்கும் பல சாதாரண விமான கேம்களில் இந்த ஸ்டால் என்பதே கிடையாது. விரலை எந்தப் பக்கம் இழுத்தாலும் விமானம் அந்தப் பக்கம் போகும். ஜாலிதான், ஆனால் அதில் ஓடுவது இறக்கை வைத்த கார்.

'எல்லா உதவியும் ஆஃப்' என்றால் நிஜமா?

அனுபவசாலிகள் புதியவர்களிடம் சொல்லும் முதல் அறிவுரை: "உதவி செட்டிங் எல்லாத்தையும் ஆஃப் பண்ணு, அப்பதான் நிஜம்." கேட்க கெத்தாக இருக்கிறது. ஆனால் இது முழுக்கச் சரியில்லை.

சின்ன விமானம் ரன்வேயில் வேகம் எடுக்கும்போது, முன்னால் சுழலும் புரொப்பெல்லரால் மூக்கு இடது பக்கம் இழுக்கும். விமானி வலது காலால் பெடலை மிதித்து நேராக்குவார். வீட்டில் பெடல் இருக்கிறதா? பெரும்பாலானவர்களிடம் கீபோர்டுதான். கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தலாம், விடலாம், அவ்வளவுதான். 'லேசாக அழுத்துவது' என்பது கிடையாது. நிஜ விமானி பத்தில் ஒரு பங்கு மிதிக்கும் இடத்தில், வீட்டில் இருப்பவர் முழுசாக மிதிக்கிறார். விமானம் ரன்வேயை விட்டுப் புல்லில் இறங்குகிறது.

இன்னொன்று, விமானிக்கு உடம்பு இருக்கிறது. திரும்பும்போது இருக்கையில் அழுத்தம் தெரியும். கடைக்கண்ணில் தரை நெருங்குவது தெரியும். பக்கத்தில் பயிற்சியாளர் இருப்பார். பதினைந்து இன்ச் திரையில் இதில் ஒன்றும் கிடையாது. அதனால் எல்லா உதவியையும் நிறுத்திவிட்டு வீட்டில் ஓட்டுவது, சில விஷயங்களில் நிஜ விமானத்தைவிடக் கஷ்டம்.

ஆக, பெடலை கேமே பார்த்துக்கொள்ளும் 'ஆட்டோ ரடர்' என்ற உதவி ஏமாற்று வேலை இல்லை. இல்லாத காலுக்கு மாற்று. ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையுடன் பேசுவதை கேமிடம் விட்டுவிடுவதும் அப்படித்தான், ஒரு துணை விமானியை உட்கார வைப்பதற்குச் சமம். ஸ்டாலே வராமல் செய்வது, தரையில் மோதினாலும் ஒன்றும் ஆகாமல் விடுவது, பெட்ரோல் தீராமல் வைப்பது — இவை வேறு ரகம். முதல் வகை உதவி விமானிக்குச் செய்யப்படுகிறது. இரண்டாவது வகை, விமானத்தையே மாற்றிவிடுகிறது. கேமில் செட்டிங் பக்கத்தைத் திறக்கும்போது இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சுலபமாக்கப் போய் மூடிய கடை

மைக்ரோசாஃப்ட் தன் ஃப்ளைட் சிமுலேட்டரை முதலில் வெளியிட்டது 1982-ல். புரூஸ் ஆர்ட்விக் என்ற இன்ஜினியர் உருவாக்கிய நிரல் அது. விண்டோஸ் வந்ததே 1985-ல்தான். அதற்கும் மூத்தது இந்த விமானம். 2006 வரை பதிப்புகள் வந்தன. 2009-ல் அதைச் செய்த குழுவையே நிறுவனம் கலைத்தது.

பிறகு 2012 பிப்ரவரியில் 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட்' என்று ஒன்று வந்தது. இலவசம், கற்றுக்கொள்ளச் சுலபம், மவுஸிலேயே ஓட்டலாம். ஆனால் உலகம் முழுக்கப் பறந்த ரசிகர்களுக்குக் கிடைத்தது ஹவாய் தீவுகள் மட்டும். அலாஸ்கா பிறகு சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் பணிகள் நிறுத்தப்பட்டன. ஓட்டுவதைச் சுலபமாக்கியது பிரச்னை இல்லை என்றே தோன்றுகிறது. உலகத்தைச் சின்னதாக்கியதுதான் அடி.

2020 ஆகஸ்டில் வந்த பதிப்பு நேர் எதிர். பிரான்ஸின் அசோபோ ஸ்டுடியோ செய்தது. முழு பூமி, சுமார் 37 ஆயிரம் விமான நிலையங்கள், அந்த நேரத்தில் நிஜமாக இருக்கும் வானிலை. உதவிகளோ ஒவ்வொன்றாக ஆன், ஆஃப் செய்யும்படி. அடுத்த வருடம் எக்ஸ்பாக்ஸிலும் வந்தது. சாதாரண கேம் கன்ட்ரோலரில் ஓட்ட முடிந்ததால் புதுக் கூட்டம் உள்ளே வந்தது.

அந்த 'முழு பூமி'யும் சும்மா வரவில்லை. எல்லா ஊரையும் யாரும் உட்கார்ந்து வரையவில்லை, படத்தைப் பார்த்து மென்பொருளே கட்டடங்களை யூகித்துக் கட்டியது. திறந்த வரைபடம் ஒன்றில் யாரோ ஒரு வீட்டுக்கு 2 மாடி என்பதற்குப் பதில் 212 மாடி என்று தட்டிவிட, மெல்பர்னில் வானத்தைத் துளைக்கும் ஒரு கோபுரம் முளைத்தது. ரசிகர்கள் அதைச் சுற்றிப் பறக்கக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக்கே ஆஃபீஸ் கட்டட முகம்தான் கிடைத்தது. விருத்தாசலம் கோயில் கோபுரத்தைத் தேடிப் போகிறவர்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

திருச்சி வானில் இரண்டரை மணி நேரம்

நிஜம் என்றால் பரபரப்பு என்று நினைக்கிறோம். 2024 அக்டோபர் 11 மாலை ஞாபகம் இருக்கிறதா? திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 140-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. தமிழ்நாடே டிவி முன் உட்கார்ந்திருக்க, விமானம் சுமார் இரண்டரை மணி நேரம் வானில் வட்டமடித்துவிட்டுப் பத்திரமாக இறங்கியது.

ஏன் உடனே இறக்கவில்லை? அது போயிங் 737 ரகம். பெரிய விமானங்கள் சிலவற்றில் இருப்பதுபோல் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி இதில் இல்லை. நிறைய எரிபொருளோடு இறங்கினால் எடை அதிகம், சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் ஆபத்து. எனவே சுற்றிச் சுற்றி எரித்தே தீர்க்க வேண்டும்.

எக்ஸ்-பிளேன் போன்ற சிமுலேட்டரில் இதே கோளாறை வேண்டுமென்றே வரவைத்துப் பழகலாம். ஆனால் இரண்டரை மணி நேரம் வட்டமடிக்க எத்தனை பேருக்குப் பொறுமை? அதற்காக நேரத்தை வேகமாக ஓட்டும் வசதி வைத்திருக்கிறார்கள். விமானி செய்த முக்கியமான வேலை, பதறாமல் காத்திருந்தது. கேம் முதலில் வெட்டியெறிவதும் அந்தக் காத்திருப்பைத்தான்.

பெரிய பூட்டு பாக்கெட்டில்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்டாலைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 2020 பதிப்புக்கே குறைந்தது 150 ஜிபி இடம் கேட்டார்கள். படங்கள் இன்டர்நெட்டில் வந்துகொண்டே இருக்க வேண்டும். 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பு இன்ஸ்டால் அளவைக் குறைத்து, மிச்சத்தை இணையத்திலிருந்தே இழுத்தது. வெளியான அன்றே சர்வர் திணறி, பலருக்கு 97 சதவீதத்தில் அப்படியே நின்றது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரின் விலை, பல வீடுகளில் ஒரு வருட ஸ்கூல் ஃபீஸ்.

செலவில்லாத வழியும் இருக்கிறது. ஃப்ளைட்கியர் முற்றிலும் இலவசம், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கியது. ஜியோஎஃப்எஸ் பிரவுசரிலேயே ஓடும். மொபைலில் இன்ஃபினிட் ஃப்ளைட் 2011 முதல் இருக்கிறது; சில வசதிகளுக்குச் சந்தா உண்டு. மொபைலைச் சாய்த்து ஓட்டுவதைச் சிலர் கேலி செய்வார்கள். லேசாகச் சாய்த்தால் லேசாகத் திரும்பும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் அது கீபோர்டைவிட நிஜத்துக்கு நெருக்கம்.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. வீட்டில் ஆயிரம் மணி நேரம் ஓட்டியிருந்தாலும் லைசென்ஸ் கணக்கில் ஒரு நிமிடம்கூடச் சேராது. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரப் பறத்தல் வேண்டும், அதைத் தீர்மானிப்பது டிஜிசிஏ. பயிற்சிச் செலவு சாதாரணமாக அரை கோடி ரூபாயைத் தாண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி சிமுலேட்டர் வேறு, ஜாய்ஸ்டிக் வைத்த கம்ப்யூட்டர் வேறு. 'சிமுலேட்டர் பயிற்சி' என்று சொல்லி யாராவது பணம் கேட்டால், அந்தக் கருவிக்கு டிஜிசிஏ அங்கீகாரம் உண்டா என்பதை முதலில் கேளுங்கள்.

கேமில் பழகிவிட்டு நிஜப் பயிற்சிக்குப் போகிறவர்களிடம் பயிற்சியாளர்கள் காணும் வழக்கமான குறை: வெளியே பார்க்காமல் மீட்டர்களையே பார்ப்பது. திரையில் மீட்டர்தான் தெளிவாகத் தெரியும் என்பதால் வந்த பழக்கம். மறுபக்கம், கருவிகளின் பெயர், செக்லிஸ்ட், வானிலை அறிக்கை படிப்பது போன்றவற்றில் இவர்கள் முன்கூட்டியே தயாராக இருப்பார்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

வேப்பூரிலிருந்தே தொடங்கலாம். மூவாயிரம் அடியில் கிழக்கே திரும்பினால் விருத்தாசலமும் மணிமுத்தாறும் வரும். இன்னும் போனால் நெய்வேலி சுரங்கங்கள். செயற்கைக்கோள் படத்தில் தவறவே விடாத அளவு பெரியவை. அதையும் தாண்டி என்எல்சி விமான ஓடுதளம். செஸ்னாவில் கால் மணி நேரப் பயணம். ஆட்டோ ரடர் ஆனில் இருக்கட்டும், ரேடியோவை கேமே பார்க்கட்டும். ஸ்டாலையும் மோதல் சேதத்தையும் மட்டும் ஆஃப் செய்ய வேண்டாம். ரன்வே கண்ணில் பட்டதும் மூக்கைத் தூக்கத் தோன்றும். அப்போது பார்க்க வேண்டியது வேக முள்ளை.